‘வாங்க’ என்று சொன்னால் விழுந்துவிடுவார்

பதினாறு வருடம் பேண்டேஜ் கம்பெனியில் துணி ரோல் தூக்கியவள் நான். ரோலைத் தூக்கித் தோளில் சாய்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துபோய்ப் போட்டால் வேலை முடிந்தது. ரோல் ஒன்றும் சொல்லாது. எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்காது, பாதி வழியில் பயந்துபோய் என் சேலையைப் பிடித்துக்கொள்ளாது. கம்பெனியை விட்டுவிட்டு, ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கும் இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, மனுஷரைத் தூக்குவது இதைவிடச் சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மனுஷருக்குத்தான் கைப்பிடி மாதிரி இரண்டு அக்குள் இருக்கிறதே.

எங்கள் இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் மறதி நோய். சிலருக்குப் பிள்ளைகளின் முகம் மறந்துவிட்டது. சிலருக்கு உட்காருவது எப்படி என்பதே மறந்துவிட்டது. அவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலையில் முக்கால்வாசி.

அதைச் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து மாதம் இரண்டு தடவை ஒரு பிசியோதெரபி அம்மா வருவார். சின்ன உருவம். முதல் நாள் என்னைப் பார்த்து, “நான்தான் நோயாளின்னு வச்சுக்கோங்க. என்னை நாற்காலியிலிருந்து எழுப்புங்க” என்றார். நான் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினேன். அவர் கால் தரையை விட்டு ஒரு சாண் மேலே வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த அம்மா மேலே இருந்தபடியே மரியாதையாக, “இறக்கி விடுங்கக்கா” என்றார்.

இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் வயசானவர்களுக்குத் தோள்பட்டை நழுவிவிடும், தூக்குகிறவளுக்கு இடுப்பு போய்விடும். ஆளைத் தூக்கக் கூடாது, எழ வைக்க வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலைப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயச் சொன்னால் மனுஷர் தானாகவே எழுந்துவிடுவார். உட்கார வைக்கும்போது பின்பக்கமாக நடத்திக்கொண்டுபோய், முழங்காலுக்குப் பின்னால் நாற்காலி தட்டிய பிறகுதான் உட்காரச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு சொல்தான் பேச வேண்டும். இதற்கு முன்னால் வீல் சேருக்கு பிரேக் போட்டிருக்க வேண்டும்.

பெல்ட் விலைக்கு வாங்கித் தருவார்கள் என்று காத்திருந்தால் எங்கள் காலம் முடிந்துவிடும் என்று, கட்டிலுக்குப் பின்னும் நாடாவை மூன்று மடிப்பாகத் தைத்து நானே நான்கு பெல்ட் செய்தேன். அந்த அம்மா இழுத்துப் பார்த்துவிட்டு, “யானையையே கட்டலாம்” என்றார். யானை ஒன்றும் வரவில்லை. அண்ணாச்சி வந்தார்.

அண்ணாச்சிக்கு அறுபத்தெட்டு வயது. ஆலங்குளம் சிமென்ட் ஆலையிலிருந்து முப்பத்தோரு வருடம் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடியவர். ஆள் ஆறடி, அதற்கேற்ற அகலம். முகம் மட்டும் சாது. நான் பெல்ட் கட்டும்போதெல்லாம் குனிந்து முடிச்சை இழுத்துப் பார்ப்பார். “ஏலே, தார்ப்பாயி நல்லா கட்டிருக்கியா? மழ வருது” என்பார். நான் நாற்பத்தேழு வயதுப் பெண்பிள்ளை, இரண்டு பிள்ளை பெற்றவள், காதில் கம்மல் மூக்கில் மூக்குத்தி எல்லாம் உண்டு. அவருக்கு நான் ‘ஏலே’தான். லாரியில் அவருக்குக் கீழே வேலை பார்த்த கிளீனர் என்று என்னை முடிவு கட்டிவிட்டார். முதலில் கோபம் வந்தது. பிறகு, வேலையில் ஒன்றும் வித்தியாசம் இல்லையே என்று ஏற்றுக்கொண்டேன். துடைப்பது, கழுவுவது, கட்டுவது, திட்டு வாங்குவது.

அவர் எழுந்திருப்பார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நடப்பார். நாற்காலி கண்ணில் பட்டால் அதை நோக்கி நேராக நடந்து, அதன்மேல் முட்டிக்கொண்டு நிற்பார். அவரைத் திருப்பி, பின்பக்கமாக இரண்டு எட்டு எடுத்து வைக்கச் சொன்னால்தான் வினை. மறதி வந்தவர்களுக்கு முதுகுக்குப் பின்னால் ஒன்றுமே கிடையாது, வெறும் பள்ளம் மாதிரி. அங்கே கால் வை என்று சொன்னால் யார் வைப்பார்கள். அண்ணாச்சி விறைத்துப்போய் நிற்பார். இல்லையென்றால் நாற்காலி இன்னும் மூன்றடி தள்ளியிருக்கும்போதே, இருந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆறடி ஆள் ஆகாயத்தில் உட்கார்ந்தால் அதற்குக் கீழே இருக்கப்போவது நான்தான்.

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ் ஏறி வாரத்தில் மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார். அண்ணாச்சிக்கு ஊட்டிவிட்டுத்தான் தன் டப்பாவைத் திறப்பார். “முந்தியே சாப்பிட்டா என்ன மதினி, பஸ்ஸுல வந்த களைப்பு இருக்காதா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பழகிப்போச்சு தாயி. லோடு எறக்கிட்டு அவிய எந்நேரம் வருவாகன்னு தெரியாது. அவிய வந்து சாப்பிட்ட பொறவுதான் நான் சாப்பிடுவேன். நாப்பது வருசத்துல, நீ சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. நான் சாப்பிடுத ஜாதின்னே அவியளுக்குத் தெரியாது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் வருத்தமும் இருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

அண்ணாச்சி விழுந்தது அந்த மதினியின் கண்முன்னால்தான். அன்று நாற்காலிக்கு இரண்டடி தூரத்தில் அவரைத் திருப்பி நிறுத்தி, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. மதினி உதவிக்கு வந்து, நாற்காலிப் பக்கம் நின்றுகொண்டு, “வாங்க, வாங்க” என்று அன்பாகக் கூப்பிட்டார்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. வாக்கரிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். நெஞ்சுக்கு நேரே கும்பிட்டு, வாசல் பக்கம் திரும்பி, “வாங்க, வாங்க. யாரு வந்திருக்கா, உள்ள வரச்சொல்லு” என்றார். நம் ஊரில் ‘வாங்க’ என்றால் விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம். வந்தவரைக் கும்பிடாமல் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதையா? கும்பிட்ட கையோடு அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பெல்ட் இருந்ததால் வேகம் குறைந்து, என் தொடையில் வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. முழங்கை சிராய்ந்தது. என் இடுப்பு பத்து நாள் என்னோடு பேசவில்லை.

விழுந்த செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மதினி ஏறிய பஸ்ஸைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த தடவை மதினி வந்தபோது டப்பாவைத் திறக்கவே இல்லை. கடைசி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இன்னும் நாற்பது நாள்கூட இல்லை. அண்ணாச்சியின் தம்பி வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனாராம். அண்ணன் எங்கே உட்காருவார் எங்கே விழுவார் என்று தெரியாது, சபையில் அசிங்கமாகிவிடும், தானும் தன் மனைவியும் மணவறையில் உட்கார்ந்து பிள்ளையைத் தாரை வார்த்துக் கொடுத்துவிடுகிறோம் என்று. நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார். அதுதான் மதினிக்குத் தாங்கவில்லை.

“அவிய உக்காரலேன்னா எனக்கும் அங்க எடமில்ல தாயி” என்றார். “நான் பெத்த பிள்ளைக்கு நான் ஓரமா நின்னு வேடிக்க பாக்கணும். வேற யாரு மேலயும் கோவமில்ல. அவிய ஒரு அரை மணி நேரம் ஒழுங்கா ஒரு நாற்காலியில உக்காந்தாப் போதும். அம்புட்டுத்தான் கேக்கேன்.”

ஒரு மனுஷி நாற்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டு, புருஷன் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதைத்தான் சாமியிடம் கேட்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. “உக்கார வச்சிரலாம் மதினி” என்று வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்துத் தண்ணீர் லாரி வந்தது. எங்கள் வாசல் குறுகல். லாரி பின்பக்கமாகத்தான் உள்ளே வர வேண்டும். எங்கள் வாட்ச்மேன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியே எந்த மொழியிலும் அதிகாரம் பண்ணுகிறவர். லாரியின் பின்னால் நின்று அதன் பாடியில் இரண்டு தட்டுத் தட்டி, “வா... வா... வா... வரட்டும், வரட்டும்... வா...” என்று கத்திக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் அண்ணாச்சியின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, எப்படிப் பின்னால் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பின்னால் நான்கு எட்டுத் தள்ளி மர நாற்காலி.

அண்ணாச்சி வலது காலைப் பின்னால் வைத்தார். அடுத்து இடது காலை. பயமில்லாமல், அவசரமில்லாமல், இடது தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, வாக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் போகிறார். நான் வாயைப் பிளந்துகொண்டு கூடவே போகிறேன். முழங்காலுக்குப் பின்னால் நாற்காலி தட்டவும், வாசலில் வாட்ச்மேன் லாரியை நிறுத்தச் சொல்லி “ஹோல்டேன்” என்று கத்தவும் சரியாக இருந்தது. அண்ணாச்சி நின்றார். கையைப் பின்னால் விட்டு நாற்காலியின் கையைப் பிடித்தார். உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, “கட்டய போடுலே” என்றார்.

டயருக்குக் கட்டை கொடுக்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. என் செருப்பைக் கழற்றி நாற்காலிக் கால் பக்கத்தில் வைத்தேன். திருப்தியாகத் தலையாட்டினார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஏழு தடவை சோதித்துப் பார்த்துவிட்டேன். முதுகில் இரண்டு தட்டு, பிறகு ‘வா, வா, வா’, நாற்காலி தட்டியதும் ‘ஹோல்டேன்’. ஏழு தடவையும் சுத்தமாக வந்து நின்றார். ‘வாங்க’ என்றால் கும்பிடுவார். ‘பின்னால நடங்க’ என்றால் விறைப்பார். ‘வா’ என்றால் மட்டும் வருவார். மதுரை பிசியோ அம்மாவிடம் போனில் சொன்னேன். அவர், “நான் நாலு வருஷம் படிச்சதுல இது இல்லைக்கா” என்றார். எனக்கு அன்று இருந்த மிதப்பை இன்றைக்குவரை என் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கல்யாணத்தன்று மணவறையில் அவர் பக்கத்தில் நிற்கப்போவது மதினிதான். நான் பெல்ட்டைப் பிடிக்கலாம். ஆனால் குரல், லாரிக்குப் பின்னால் நிற்கும் கிளீனர் குரல் மாதிரி, நாற்காலிப் பக்கமிருந்து வர வேண்டும். அதனால் மதினியைக் கூப்பிட்டு, “நீங்கதான் சொல்லணும். ரெண்டு தட்டுத் தட்டிட்டு, வா வான்னு கூப்பிடுங்க” என்றேன்.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யார?”

“அண்ணாச்சியத்தான்.”

“அவியளப் போயி வான்னு சொல்லுததா? நல்லாருக்கு தாயி, நல்லாருக்கு.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நாற்பது வருடத்தில் பேர் சொன்னதில்லை, எதிரே உட்கார்ந்ததில்லை, கோபத்தில்கூட ‘ங்க’ விட்டதில்லை. அவருக்கு நான் ‘வா’ சொல்லச் சொன்னது, தட்டச் சொன்னதைவிடப் பெரிய குற்றம். அதில் தட்டவும் வேறு சொல்லியிருக்கிறேன்.

வாட்ச்மேன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தெலுங்கில் ‘ரா, ரா’ என்று சொல்லிவிடுங்கள், பாவம் எங்கள் கணக்கில் போகட்டும் என்று யோசனை சொன்னார். மதினிக்கு அது பிடித்துவிட்டது. முதுகில் எறும்பைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு, பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ரா... ரா...”

அண்ணாச்சி நகரவில்லை. தலையைத் திருப்பாமல் என்னிடம் ரகசியமாக, “ஏலே, இவன் எந்த ஊருக் கிளீனருலே?” என்றார்.

வாட்ச்மேன் சிரித்த சிரிப்பில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது. மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன்.

“மதினி, கிளீனர் வயசு என்ன, டிரைவர் வயசு என்ன? டிரைவர அண்ணேன்னுதான் கூப்பிடுவான். ஆனா வண்டி பின்னால வரும்போது வா வான்னுதான் கத்துவான். ஏன்? அவன் டிரைவரக் கூப்பிடல. வண்டியக் கூப்பிடுதான். நீங்களும் வண்டியக் கூப்பிடுங்க.”

மதினி யோசித்தார். “வண்டியத்தான?”

“வண்டியத்தான்.”

எழுந்துபோய் இரண்டு தட்டுத் தட்டினார். “வா” என்றார். அண்ணாச்சி ஒரு எட்டுப் பின்னால் வந்தார். மதினி உடனே திரும்பிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “வா.” இன்னொரு எட்டு, இன்னொரு தடவை கன்னம். நாற்காலிக்கு வந்து சேர நான்கு ‘வா’, எட்டு அறை. “ஹோல்டேன்” மட்டும் கூச்சமில்லாமல் வந்தது. அது இங்கிலீஷ்காரன் பேச்சு, அதில் மரியாதை என்ன, மரியாதைக் குறைவு என்ன.

மூன்று வாரம் இப்படித்தான் நடந்தது. எனக்கு மதினியின் கன்னத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அண்ணாச்சிக்கோ புதுக் கிளீனர்மேல் நம்பிக்கையே வரவில்லை. “சத்தமாச் சொல்லுலே, தூங்குதியா?” என்று அதட்டுவார். மதினி, “சரிங்க, சரிங்க” என்பார். காரில் ஏறுவதும் பின்பக்கமாகத்தான் என்பதால் அதையும் பழக்கினோம். கதவைத் திறந்து, முதுகை சீட்டுப் பக்கம் திருப்பி, பின்னால் வந்து உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைப்பது. கல்யாண மண்டபத்துக்கு முன்கூட்டியே ஒரு நாள் போய் மணவறையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரே ஒரு படிதான். ஆனால் பெரியவர்கள் உட்கார வெல்வெட் போட்ட சோபா வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் மனுஷர் உள்ளே புதைந்துவிடுவார், எழுப்ப ஜேசிபி வேண்டும். எங்கள் வராந்தாவின் மர நாற்காலியை ஆட்டோவில் போட்டு அனுப்பினேன். அண்ணாச்சியின் தம்பி அதைப் பார்த்துவிட்டு, “இந்தப் பழைய நாற்காலியா?” என்று முகம் சுளித்தாராம். பட்டுத் துணி விரித்து மூடிவிட்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் அண்ணாச்சிக்கு முகச்சவரம் செய்து, வேட்டியைக் கட்டி, அதன்மேல் பெல்ட்டைக் கட்டி, அதை மறைக்க அங்கவஸ்திரத்தைச் சுற்றினோம். வேட்டி தடுக்கக் கூடாது என்று நான்கு விரல் தூக்கிக் கட்டியதில், வெள்ளத்தில் இறங்கப் போகிறவர் மாதிரி இருந்தார். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று என் உத்தரவு. காரில் ஏறும்போது மதினி சின்னக் குரலில் ‘வா’ சொன்னார். கன்னத்திலும் போட்டுக்கொண்டார். வந்தார், உட்கார்ந்தார். நான் முன்சீட்டில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டேன்.

இத்தனை நாள் எல்லாவற்றையும் யோசித்த எனக்கு ஒன்று மட்டும் உறைக்கவில்லை. கல்யாண வீடு என்பது என்ன? ஐந்நூறு பேர் கூடி ஒருத்தரையொருத்தர் ‘வாங்க, வாங்க’ என்று சொல்லிக்கொள்ளும் இடம்.

வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்களே ஆரம்பித்துவிட்டார்கள். “வாங்க, வாங்க.” அண்ணாச்சி வீல் சேரில் இருந்ததால் பிழைத்தோம். உட்கார்ந்தபடியே எல்லாரையும் கும்பிட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொம்பத் திருப்தி. “சம்பந்தி தெளிவாத்தான இருக்காக” என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. மணவறைப் படிக்குக் கீழே வீல் சேரை நிறுத்தி, பிரேக் போட்டு, எழுப்பினேன். மூக்கு விரலுக்கு நேரே வந்தது, எழுந்தார். படியும் ஏறினார். திருப்பி நிறுத்தினேன். பட்டு விரித்த நாற்காலி மூன்று எட்டுப் பின்னால். மேளம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

மதினி தட்டினார். “வா” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. அண்ணாச்சிக்கும் கேட்கவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, இரண்டு கையையும் விரித்து, “வாங்க சம்பந்தி, வாங்க, வாங்க” என்றார். கூடவே இன்னும் நாலு பேர், வாங்க, வாங்க. அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. கை வாக்கரை விட்டது. நெஞ்சுக்கு நேரே கும்பிட்டார். உடம்பு பக்கவாட்டில் சரியத் தொடங்கியது. தம்பி பாய்ந்து வந்து ஒரு அக்குளில் கை கொடுத்தார். இன்னொருவர் இன்னொரு அக்குளில். நான் பெல்ட்டை இறுக்கிப் பிடித்தபடி, விடுங்க, விடுங்க என்கிறேன். என்னை யார் மதிக்கிறார்கள், வேலைக்காரி. அவர் உடம்பு விறைத்துவிட்டது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

“ஹோல்டேன்.”

அப்படி ஒரு சத்தத்தை அந்த மண்டபம் மேளத்திடமிருந்துகூடக் கேட்டிருக்காது. மதினிதான். தம்பி கையை எடுத்துவிட்டார். மற்றவரும் எடுத்துவிட்டார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். அண்ணாச்சி நின்றார். நான் அவர் கையை எடுத்து வாக்கரில் வைத்தேன்.

மதினி நெருங்கி வந்து அவர் முதுகில் பளார் பளார் என்று இரண்டு தட்டுத் தட்டினார். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, கொழுந்தன் பார்த்துக்கொண்டிருக்க, சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்துகொண்டிருக்க, புருஷனைப் பார்த்து, “வா... வா... வரட்டும்... வா... வா...” என்று கூப்பிட்டார். அண்ணாச்சி இடது தோளுக்கு மேலே பார்த்தபடி, லேசாக, அழகாக வந்தார். நாற்காலி தட்டியது. “ஹோல்டேன்.” கையைப் பின்னால் விட்டார், பிடித்தார், உட்கார்ந்தார். மதினி அன்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி அவரை நிமிர்ந்து பார்த்து, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “இப்பத்தாம்லே நீ தொழில் கத்துக்கிட்ட.”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மணப்பெண் குனிந்த தலையோடு தோள் குலுங்கிக்கொண்டிருந்தாள், சிரிப்பா அழுகையா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகைதான். மதினி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளையின் கை அண்ணாச்சி கையில், அண்ணாச்சி கை மதினி கையில் இருக்க, தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நான் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீடியோவில் என் முதுகு மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

அண்ணாச்சிக்கு மட்டும் முதல் பந்தியிலேயே ஊட்டிவிட்டு, கூட்டம் கலைவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று முன்பே பேசியிருந்தோம். சத்தம் கூடக்கூட அவருக்குப் பதற்றம் வரும். மதினி, அவரை இல்லத்தில் விட்டுவிட்டு இதே காரில் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு, கட்டின பட்டுச் சேலையோடு பின்சீட்டில் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கார் ராஜபாளையம் ரோட்டைப் பிடித்ததும் அண்ணாச்சி கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம்.

“ஏலே” என்றார். மதினியைத்தான். “லோடு எறங்கிருச்சா?”

மதினி, “எறங்கிருச்சு” என்றார்.

“சேதாரம் ஒண்ணுமில்லையே?”

“ஒண்ணுமில்ல. நல்லபடியா எறக்கியாச்சு.”

“அப்ப வண்டிய வீட்டுக்கு விடச்சொல்லு. வழியில டீக்குகூட நிறுத்தாத.” கண்ணைத் திறக்காமலே சொன்னார். “வீட்ல அவ சாப்பிடாம உக்காந்திருப்பா.”

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். மதினி மடியில் சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

“இந்நேரம் சாப்பிட்டிருப்பாக” என்றார்.

“இல்லலே. நான் போகாம சாப்பிட மாட்டா. எத்தன வருசமாப் பாக்கேன், எனக்குத் தெரியாதா?”

மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிட்டிருக்கவில்லை என்று எனக்கும் தெரியும்.